ஆகவே

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
என் கடை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
கரண்டு போனால் மூன்று நிமிடம் மூச்சுப் பிடிக்கும் யூ.பி.எஸ்.
சாவுக்கு முன்பே அதற்கான வாக்கியங்களைத்
தட்டிக் கொடுப்பது என் பிழைப்பு.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம்,
வெள்ளைத்தாள் போதும் என்றால் நம்பமாட்டார்கள்.
இவ்வளவு சொத்துக்கு இந்தத் தாளா என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள்.

அடைக்கப்பன் செட்டியார் ஐந்து முறை வந்தார்.

முதல் உயிலில் பாதிப் பணம் ஓர் அறக்கட்டளைக்கு,
ஊருணி தூர்வார.
அறங்காவலர் மூவர். இருவரோடு ஒரு கல்யாணப் பந்தியில்
பேச்சு முற்றிப்போய்
இரண்டாவதில் ஊருணியே இல்லை.
மூன்றாவதில் சிங்கப்பூர் மகன் இல்லை.
நான்காவதில் அவன் திரும்பி வந்தான்;
அது பதிவும் ஆனது, கைரேகையோடு.

எழுதினவர் மூச்சு இருக்கும்வரை உயில் தூங்கும்,
எத்தனை முறையும் மாற்றலாம்.
பதிவு செய்த பழையதை
பதிவு செய்யாத புதியதும் வெல்லும்.
கையெழுத்து இருந்தால்.

நான்காவதின் மூன்றாம் பத்தி எனக்கு மனப்பாடம்:
'என் மகள் சிகப்பிக்குத் திருமணத்தில்
சகல சீரும் செய்தாயிற்று.
ஆகவே அவளுக்கு இதில் பாத்தியதை இல்லை.'

ஒரு வெள்ளிக்கிழமை மதியம்
ஆட்டோவில் தனியாக வந்தார்.
"ஜெசிந்தா, நாலாவதைத் திற.
அந்த 'ஆகவே'யை எடு."
பத்தி முழுக்கவா என்றேன்.
"சீர் செஞ்சது இருக்கட்டும், அது நடந்தது.
'ஆகவே'தான் தப்பு.
ஐப்போவில் இருபது வருசம் கணக்கெழுதி
நான் வாங்கின செக்காலை ரோடு வீட்டில்
மூணில் ஒண்ணு அவளுக்குப் போடு."

கோட்டையூர் வீடு? என்று கேட்டேன்.
பதினாறில் ஒரு பங்கு, ஓர் உள்வீடு, ஒரு சாவி.
"அது பூர்வீகம். அதில் அவளுக்குப் பொறப்புலயே உண்டு.
நான் குடுக்க என்ன இருக்கு?"

அச்செடுத்துக் கொடுத்தேன்.
அவசரத்தில் 'சிகபி' என்று அடித்திருந்தேன்.
பென்சிலால் ஒரு 'ப்' சேர்த்தார்.

சாட்சிக்கு ஸ்டாம்ப் வெண்டர் இருதயராஜ் இருந்தார்.
டீக்கடை ஷேக் தாவூது
மகளின் கவுன்சலிங்குக்குச் சிவகங்கை போயிருந்தார்.
தெருவில் யாரையாவது கூப்பிடுகிறேன் என்றேன்.
"தெரியாதவனை நாளைக்குக் கோர்ட்டில் யாரு தேடுறது?
திங்கக்கிழமை வாறேன்."

ஞாயிறு இரவு இறந்துபோனார்.

காரியம் முடிந்து மகன்கள் வந்தார்கள்.
நான்காவது உயிலுக்கு எட்டு நகல்.
மூன்றாம் பத்தி எட்டு முறை
பச்சை வெளிச்சத்தில் போய்வந்தது.
நான் பேசவில்லை.
வாடிக்கையாளர் சொன்னதை வெளியே சொல்லாதது
தொழில் தர்மம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அவள் வந்தாள்.
"அப்பச்சி கடைசியா இங்கனதான் வந்தாகளாம்.
வேற ஏதும் சொன்னாகளா?"

இழுப்பறையைத் திறந்தேன்.

நின்றபடியே படித்தாள்.
"பென்சில் அப்பச்சி எழுத்து."
ஆமா.
"செல்லுமா?"
கையெழுத்து இல்ல, சாட்சி இல்ல. செல்லாது.

மூன்றாம் பத்தியில் அவள் விரல்
'சீர் செய்தாயிற்று' வரை வந்து
முற்றுப்புள்ளியில் நின்றது.
அதற்கு அப்பால் எதையோ தேடியது.
பிறகு தாளை நாலாக மடித்து
மருந்துச் சீட்டுகளோடு பைக்குள் வைத்தாள்.

காசு வேண்டாம் என்றேன்.
"பக்கத்துக்கு நாப்பதுதானே?"
இரண்டு இருபது ரூபாய்த் தாள்களை
கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் உயில் எழுத யார் வந்தாலும்
சொத்து என்ன, பிள்ளைகள் எத்தனை என்று
நான் முதலில் கேட்பதில்லை.

சாட்சி ரெண்டு பேரும் இன்னைக்கு ஊர்ல இருக்காகளா?